நம்ம ஊர் கம்பெனியா, வெளிநாட்டுக் கம்பெனியா? காப்பீட்டில் எதைப் பார்த்து முடிவு செய்வது

திருப்பூர் மண்ணரையில் குடிமக்கள் சேவைகள் பற்றிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். மின்னிதழ் வாசகர்களுக்காகச் சில இடங்கள் விரிவாக்கப்பட்டுள்ளன.



சனிக்கிழமை சாயங்காலம், சம்பளம் வாங்கிட்டு மளிகைக்கடைக்குப் போற நேரத்துல உங்களை உட்கார வச்சிருக்கோம். அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வந்துடறேன். காப்பீடு பற்றிப் பேசும் இடத்திலெல்லாம் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான். "எல்.ஐ.சி. மாதிரி நம்ம கம்பெனியில போடறதா, வெளிநாட்டுக்காரங்க கூட்டு வச்சிருக்கிற கம்பெனியில போடறதா? யாருங்க ஒழுங்கா பணம் தருவாங்க?"

இதற்கு டீக்கடையில் இரண்டு பதில் கிடைக்கும். "கவர்மென்ட் கம்பெனின்னா பணம் எங்கேயும் போகாது, ஆனா அலைய விடுவாங்க" என்பார் ஒருவர். "வெளிநாட்டுக் கம்பெனின்னா போன்லயே எல்லாம் முடிஞ்சிடும், ஆனா நாளைக்கே மூட்டையைக் கட்டிட்டுப் போயிடுவான்" என்பார் இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறைய வதந்தியும் இருக்கிறது. பிரித்துப் பார்ப்போம்.

முதலில், இந்தியாவில் உங்களுக்கு நேரடியாக பாலிசி விற்கும் "வெளிநாட்டுக் கம்பெனி" என்பது பெரும்பாலும் இந்தியாவில் பதிவு செய்த கூட்டுக் கம்பெனிதான். ஐ.சி.ஐ.சி.ஐ. புருடென்ஷியலில் பிரிட்டனின் புருடென்ஷியல் பங்குதாரர். டாடா ஏ.ஐ.ஏ.-வில் ஹாங்காங்கின் ஏ.ஐ.ஏ. நம்ம சென்னையைச் சேர்ந்த முருகப்பா குழுமத்தின் சோழமண்டலம் எம்.எஸ். இருக்கிறதே, அதில் அந்த "எம்.எஸ்." ஜப்பானின் மிட்சுய் சுமிட்டோமோ. ராயல் சுந்தரத்தில் முதலில் பிரிட்டிஷ் கம்பெனி கூட்டாளியாக இருந்தது. அது விலகி, 2019-இல் பெல்ஜியத்தின் ஏஜியஸ் 40 சதவீதம் வாங்கியது. எச்.டி.எஃப்.சி. லைஃபில் ஸ்காட்லாந்தின் ஸ்டாண்டர்ட் லைஃப் இருந்தது, 2023-இல் முழுதாக வெளியேறிவிட்டது. இப்படிக் கூட்டாளி மாறியதால் எந்த பாலிசியும் செல்லாமல் போகவில்லை. உங்களோடு ஒப்பந்தம் போட்டது இந்தியக் கம்பெனி, வெளிநாட்டுப் பங்குதாரர் அல்ல.

கொஞ்சம் பின்னால் போனால் இன்னும் சுவாரசியம். 1956 ஜனவரி 19 அன்று, நிதியமைச்சர் சி.டி.தேஷ்முக் வானொலியில் பேசி, ஆயுள் காப்பீடு முழுவதையும் அரசு எடுத்துக்கொள்கிறது என்று அறிவித்தார். அப்போது இருந்தது மொத்தம் 245 நிறுவனங்கள். அதில் 154 இந்தியக் கம்பெனிகள், 16 வெளிநாட்டுக் கம்பெனிகள், 75 சேமநிதிச் சங்கங்கள். இவற்றைச் சேர்த்து அந்த ஆண்டு செப்டம்பர் 1-இல் எல்.ஐ.சி. உருவானது. பாலிசிதாரர் பணத்தை முதலாளிகள் தங்கள் மற்ற தொழில்களுக்குத் திருப்பிவிட்டதும் நாட்டுடைமை ஆக்கியதற்கு ஒரு காரணம். அப்படிச் செய்தவர்களில் உள்நாட்டு முதலாளிகளும் இருந்தார்கள் என்பதைக் கவனிக்கணும்.

சரி, அரசு கைக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. அடுத்த ஆண்டே எல்.ஐ.சி. பணம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளில் போய் மாட்டியது. விசாரணை நடந்து, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நம்ம சென்னைக்காரர்.

பொதுக் காப்பீடு, அதாவது தீ, வாகனம், சரக்கு, மருத்துவம் எல்லாம், 1973 ஜனவரி 1 முதல் அரசுடைமை. 107 கம்பெனிகள் நான்காக இணைக்கப்பட்டன. அந்த நான்கில் ஒன்று சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா. இதற்குள் 12 இந்தியக் கம்பெனிகள், 4 கூட்டுறவுச் சங்கங்கள், 5 வெளிநாட்டுக் கம்பெனிகளின் இந்தியத் தொழில் எல்லாம் அடக்கம். நாம் "சுத்தமான நம்ம கம்பெனி" என்று நினைக்கிற இடத்திலும் பழைய வெளிநாட்டு ரத்தம் கொஞ்சம் ஓடுகிறது!

மறுபடி கதவு திறந்தது 2000-இல். அப்போது வெளிநாட்டு முதலீட்டுக்கு வரம்பு 26 சதவீதம். 2015-இல் 49 ஆனது, 2021-இல் 74 ஆனது. 2025 பட்ஜெட்டில் 100 சதவீதம் என்று அறிவித்தார்கள், அதற்கான சட்டத் திருத்தம் அந்த டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆகவே வருங்காலத்தில் முழுக்க வெளிநாட்டுச் சொந்தமான கம்பெனியின் ஏஜென்ட்டும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டக்கூடும். அதனால்தான் இந்தக் கேள்வியை இப்போதே நிதானமாகப் பார்ப்பது நல்லது.

"மூட்டையைக் கட்டிட்டுப் போயிடுவான்" என்ற பயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தில் 27-ஈ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பாலிசிதாரர் பணத்தை இந்தியாவுக்கு வெளியே முதலீடு செய்யக் கூடாது என்கிறது அது. கம்பெனியின் பங்கு யார் கையில் இருந்தாலும் இந்த விதி பொருந்தும். அதோடு, கடப்பாடுகளுக்கு மேல் சட்டப்படி தேவையான உபரிக் கையிருப்பைப் போல ஒன்றரை மடங்கு பலம் இருக்கணும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ., அதாவது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், கேட்கிறது. சோதனை நேரமும் ஒன்று வந்தது. 2008 செப்டம்பரில் அமெரிக்காவின் ஏ.ஐ.ஜி. விழும் நிலைக்கு வந்து, அமெரிக்க அரசு 8,500 கோடி டாலர் கடன் கொடுத்துத் தாங்கிப் பிடித்தது. இங்கே டாடாவோடு கூட்டு வைத்திருந்த கம்பெனி அதே ஏ.ஐ.ஜி.-யினுடையதுதான். இங்கே பாலிசி எடுத்தவர்களின் பணம் இங்கேயே இருந்ததால் அவர்களுக்குப் பாதிப்பு வரவில்லை.

இப்ப அடுத்தது, யார் ஒழுங்கா பணம் தர்றாங்க?

ஆயுள் காப்பீட்டில் பதில் கிட்டத்தட்ட சமம். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் 2022-23 ஆண்டறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். தனிநபர் பாலிசியில் இறப்பு கிளெய்ம் வந்ததில் எல்.ஐ.சி. 98.52 சதவீதம் தீர்த்திருக்கிறது. தனியார் கம்பெனிகள், அதாவது வெளிநாட்டுக் கூட்டு உள்ளவை பெரும்பாலும் அடங்கிய பிரிவு, 98.02 சதவீதம். அரை சதவீத வித்தியாசத்தை வைத்து "இவன் நல்லவன், அவன் மோசம்" என்று சொல்ல முடியாது. ஏஜென்ட் உங்களிடம் "எங்க கம்பெனி 99 சதவீதம்" என்று போனில் காட்டினால், "எல்லாரும் ஏறக்குறைய அப்படித்தானுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

அந்த அடுத்த கேள்வி, அந்த மீதி ஒன்றரை சதவீதத்தில் யார் மாட்டுகிறார்கள் என்பது. பெரும்பாலும் படிவத்தில் உண்மையை எழுதாதவர்கள், அல்லது ஏஜென்ட் எழுதியதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள். நம்ம பகுதியில் இதைத் தனியாகச் சொல்லியே ஆகணும். பஞ்சுத் தூசியில், சாயப்பட்டறையில் வேலை பார்த்து மூச்சிரைப்பு வந்திருக்கும், சுகருக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்போம். "அதெல்லாம் எழுதினா பிரீமியம் ஏறும், விட்டுடுங்க" என்பார் விற்க வந்தவர். அவருக்குக் கமிஷன் வந்துவிடும். கிளெய்ம் வரும்போது ஆஸ்பத்திரி பழைய சீட்டைக் கம்பெனி கேட்கும். அப்போது அவர் பக்கத்தில் இருக்க மாட்டார். ஆயுள் பாலிசியில் 3 ஆண்டு முடிந்த பிறகு எந்தக் காரணம் சொல்லியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது, சட்டத்தின் 45-ஆம் பிரிவு அது. மருத்துவக் காப்பீட்டில் 60 மாதம் தொடர்ந்து கட்டியிருந்தால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, முன்பே சொல்லவில்லை என்று மறுக்க முடியாது. முன்பு அது 8 ஆண்டாக இருந்தது, 2024-இல் 5 ஆக்கினார்கள். இரண்டு விதியும் உள்நாடு, வெளிநாடு என்று பார்ப்பதில்லை.

மருத்துவக் காப்பீட்டிலும் பொதுக் காப்பீட்டிலும் வேறொரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். கம்பெனி வாங்கிய 100 ரூபாய் பிரீமியத்தில் எவ்வளவு கிளெய்மாகத் திரும்பியது? 2023-24-இல் அரசுக் கம்பெனிகளில் 97 ரூபாய் 23 காசு. தனியார் பொதுக் காப்பீட்டில் 76 ரூபாய் 49 காசு. மருத்துவக் காப்பீடு மட்டுமே செய்யும் தனிக் கம்பெனிகளில் 63 ரூபாய் 63 காசு.

இதைக் கேட்டதும், "அப்போ அரசுக் கம்பெனிதான் நல்லது, 97 ரூபாய் திருப்பித் தர்றான்" என்று தோணும். அவசரப்பட வேண்டாம். அரசுக் கம்பெனிகளின் கணக்கில் பெரிய பெரிய குரூப் பாலிசிகள், அரசுத் திட்டங்கள் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. குறைந்த பிரீமியத்துக்கு எடுத்து, நிறைய கிளெய்ம் கொடுத்தால் இந்த எண் தானாக உயரும். தனி ஆளாகப் போகிற உங்களுக்கு அதே தாராளம் கிடைக்கும் என்று அந்த எண் சொல்லவில்லை. அதற்கு மறுபக்கமும் இருக்கிறது. நேஷனல், ஓரியண்டல், யுனைடெட் இந்தியா என்ற மூன்று அரசுக் கம்பெனிகளும் 2023-24-இல் நான் சொன்ன அந்த ஒன்றரை மடங்கு வரம்புக்குக் கீழேதான் இருந்தன. நியூ இந்தியா மட்டும் மேலே. அரசு பின்னால் நிற்பதால் பாலிசிதாரருக்கு ஆபத்து இல்லை, மத்திய அரசு பலமுறை முதலீடு போட்டிருக்கிறது. ஆனால் செயல்திறன் என்று கேட்டால் அது நல்ல மதிப்பெண் இல்லை.

63 ரூபாயும் அப்படித்தான். சில்லறை பாலிசிகள், ஏஜென்ட் கமிஷன், விளம்பரச் செலவு அதிகம் என்று அந்தக் கம்பெனிகளும் காரணம் சொல்லும். என்னைக் கேட்டால், கிளெய்மாகத் திரும்புவது 60-ஐ ஒட்டியே வருஷா வருஷம் நிற்கிற கம்பெனியிடம், "மீதி எங்கே போகிறது?" என்று வாடிக்கையாளர் கேட்கலாம், கேட்கணும். உங்கள் கட்டிங் மாஸ்டர் 100 கிலோ துணி வாங்கி 63 கிலோவுக்குத்தான் பீஸ் கொடுத்தால், வேஸ்ட் எங்கே என்று கேட்பீர்கள்தானே?

இன்னொரு எண் இருக்கிறது, இதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. 2023-24-இல் நாடு முழுக்க எல்லா மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிகளிடமும் கேட்கப்பட்ட தொகை 1.17 லட்சம் கோடி ரூபாய். அதில் கொடுக்கப்பட்டது 71.29 சதவீதம். அதாவது 100 ரூபாய் பில் வைத்தால் 71 ரூபாய்தான் வந்தது. மீதியில் கொஞ்சம் மறுப்பு, கொஞ்சம் பாக்கி, கொஞ்சம் "இது பாலிசியில் அடங்காது" என்ற வெட்டு. கிளெய்ம் எண்ணிக்கையில் 98 என்று சொல்வதும், தொகையில் 71 என்பதும் வேறு வேறு என்று புரிகிறதல்லவா? முன்னது ஆயுள், பின்னது மருத்துவம். விளம்பரத்தில் ஒன்றைக் காட்டி மற்றதை விற்பார்கள், கவனம்.

மூன்றாவதாக ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எடுத்த பாலிசியை மக்கள் எத்தனை பேர் 61-ஆம் மாதம் வரை தொடர்ந்து கட்டுகிறார்கள் என்றும் கம்பெனிகள் வெளியிட வேண்டும். பாதியில் நிற்கிற பாலிசி அதிகம் என்றால், விற்றவர்கள் வாங்குபவரின் வருமானத்தைப் பார்க்காமல் தள்ளிவிட்டார்கள் என்று அர்த்தம். பீஸ் ரேட் வேலை, ஆர்டர் வந்தால் ஒன்றரை ஷிப்ட், இல்லாவிட்டால் வாரம் மூன்று நாள், இப்படி இருக்கிற நமக்கு ஆண்டு பிரீமியம் 30,000 என்று தலையில் கட்டுவது எந்தக் கம்பெனி செய்தாலும் தப்புதான்.

சரி, ஒரே மாதிரிப் பொருளை ஒரே மாதிரி ஒப்பிட வழி இருக்கா? இருக்குங்க. 180 ஜி.எஸ்.எம். துணிக்கு நாலு பேர்கிட்ட ரேட் கேட்பீங்களே, அதே மாதிரி. எல்லாக் கம்பெனியும் ஒரே நிபந்தனையில் விற்கணும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சில பாலிசிகளை வகுத்திருக்கிறது. மருத்துவத்துக்கு "ஆரோக்ய சஞ்சீவனி", 2020 ஏப்ரல் முதல். ஆயுள் காப்பீட்டில் "சரள் ஜீவன் பீமா", 2021 ஜனவரி முதல், 5 லட்சத்திலிருந்து 25 லட்சம் வரை. வாசகம் ஒன்றே, பிரீமியம் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எல்.ஐ.சி.-யிலும் கேளுங்கள், வெளிநாட்டுக் கூட்டுக் கம்பெனியிலும் கேளுங்கள். ஒரே வயது, ஒரே தொகை போட்டுப் பார்த்தால் பத்து நிமிடத்தில் போனிலேயே தெரிந்துவிடும். நீங்கள் கடைசியில் வேறு பாலிசியே வாங்கினாலும், இந்த ஒப்பீடு யார் விலை எப்படி என்று காட்டிக்கொடுக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். ஆரோக்ய சஞ்சீவனியில் ஒவ்வொரு கிளெய்மிலும் 5 சதவீதம் நம்ம பங்கு, அறை வாடகைக்கும் வரம்பு உண்டு.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, முன்பு 18 சதவீதம். பழைய கணக்கில் யாராவது வரி சேர்த்துச் சொன்னால் கேள்வி கேளுங்கள். கம்பெனி எடுத்துத் தரும் குரூப் பாலிசிக்கு இந்த விலக்கு இல்லை.

இப்ப, நம்ம மண்ணரைக்கு ரொம்ப வேண்டிய விஷயத்துக்கு வர்றேன். தீ விபத்துக் காப்பீடு. ஊத்துக்குளி ரோடு பக்கம், சந்துக்குள்ள எல்லாம் பத்து மெஷின், பதினைந்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிற யூனிட் எத்தனை இருக்கு! பனியன் வேஸ்ட் குடோனில் தீப்பிடித்தால் எப்படிப் பரவும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நொய்யல் ஓரம் இருப்பதால் வெள்ளப் பயமும் உண்டு. ஒரே இடத்தில் கட்டடம், மெஷின், சரக்கு எல்லாம் சேர்த்து 5 கோடி வரை மதிப்புள்ள தொழிலுக்கு, 2021 ஏப்ரல் 1 முதல் "பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா" என்று ஒரே மாதிரியான பாலிசி இருக்கிறது. தீ, வெள்ளம், புயல் எல்லாம் இதில் அடங்கும். இதையும் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனியும் தருகிறது.

இங்கே எந்தக் கம்பெனி என்பதைவிட எவ்வளவுக்குக் காப்பீடு என்பதுதான் பணத்தைத் தீர்மானிக்கும். உங்கள் யூனிட்டில் மெஷினும் துணியும் சேர்த்து 40 லட்சம் மதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரீமியம் மிச்சம் பிடிக்க 20 லட்சத்துக்கு மட்டும் போட்டிருக்கிறீர்கள். தீயில் 10 லட்சம் சேதம். "20 லட்சம் பாலிசி இருக்கே, 10 லட்சம் முழுசா வரும்" என்று நினைப்போம். வராது. பாதி மதிப்புக்குத்தான் போட்டீர்கள், அதனால் பாதி, 5 லட்சம்தான். ஜப்பான் கூட்டாளி இருந்தாலும், அரசுக் கம்பெனி என்றாலும் இதே கணக்கு. இந்த பாரத் சூக்ஷ்ம பாலிசியில் 15 சதவீதம் வரை குறைவாகப் போட்டிருந்தால் மன்னிப்பார்கள். அதாவது 40 லட்சத்துக்குக் குறைந்தது 34 லட்சத்துக்காவது போட்டிருந்தால் இந்த வெட்டு விழாது. பழைய மெஷினை வித்துட்டு புது ஓவர்லாக், பேட்லாக் வாங்கினா, அந்த மாசமே பாலிசித் தொகையையும் ஏத்திடுங்க.

அடுத்தது அதைவிட முக்கியம். ஜாப் ஒர்க் யூனிட்டில் கிடக்கும் துணி யாருடையது? உங்களுடையது இல்லை, எக்ஸ்போர்ட் கம்பெனியினுடையது. நீங்கள் தைத்துக் கொடுப்பவர் மட்டும். பொறுப்பில் வைத்திருக்கும் பிறர் சரக்கு பாலிசியில் தனியாக எழுதப்பட்டிருந்தால்தான் அதற்குப் பணம் வரும். உங்கள் பாலிசியைத் திறந்து, "சரக்கு" என்ற இடத்தில் உங்கள் சொந்தச் சரக்கு மட்டும் இருக்கிறதா, பிறர் சரக்கும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த எக்ஸ்போர்ட்டரும் தன் பாலிசியில் உங்கள் முகவரியைச் சேர்த்திருக்கிறாரா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு பேரும் மற்றவர் போட்டிருப்பார் என்று விட்டுவிட்டால், எரிந்த துணிக்கு யாரும் பொறுப்பில்லாமல் போகும். அப்புறம் அடுத்த ஆர்டர் எங்கே வரும்?

நேரடியாக ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு இன்னொன்று. வெளிநாட்டு வாங்குபவர் பணம் தராமல் திவாலானால் காப்பது ஏற்றுமதிக் கடன் காப்பீடு. உலக அளவில் அலயன்ஸ் டிரேட், அட்ரேடியஸ், கோபேஸ் என்ற ஐரோப்பியக் கம்பெனிகள்தான் இதில் பெரிய கைகள். இந்தியாவில் 1957-இல் தொடங்கிய மத்திய அரசின் இ.சி.ஜி.சி.-தான் முன்னால் நிற்கிறது. இந்தத் துறையில் "நம்ம கம்பெனி"க்குத் தெளிவான மேல்கை என்று தயங்காமல் சொல்லலாம்.

மருத்துவமனையில் நாம் பார்க்கும் வேகம் யாருடையது என்பதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. நம்ம மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. 2009 ஜூலையில் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தியது தனியார் கம்பெனியான ஸ்டார் ஹெல்த். 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக வந்தபோது அது அரசுக் கம்பெனியான யுனைடெட் இந்தியாவிடம் போனது. கம்பெனி மாறினாலும் நோயாளிக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டு மேசைதான். தனியார் பாலிசியிலும் அப்படியே. பல கம்பெனிகளுக்கு ஒரே இடைநிலை நிறுவனம்தான் கிளெய்ம் பார்க்கும். பாலிசி வாங்கும்போது, "கிளெய்மை நீங்களே பார்ப்பீங்களா, வேற யாருக்காவது விட்டிருக்கீங்களா?" என்று கேளுங்கள். 2024 விதிப்படி, பணம் கட்டாமல் சிகிச்சை பெற அனுமதி 1 மணி நேரத்தில் வரணும், டிஸ்சார்ஜுக்கு இறுதி ஒப்புதல் 3 மணி நேரத்தில் வரணும். அதற்கு மேல் தாமதித்தால் ஆஸ்பத்திரி கூடுதலாகப் போடும் கட்டணம் கம்பெனி தலையில்தான்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சர் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை இருக்கிறது. விவரத்துக்கு 1800 425 3993. மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கம்பெனியில் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. பீஸ் ரேட்காரருக்கும் உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். இந்த இரண்டும் இருக்கா என்று பார்த்த பிறகு தனியார் பாலிசி பக்கம் போனால் போதும்.

பேங்க் கணக்கில் ஆண்டுக்கு 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடிக்கிறார்களே, அதுவும் காப்பீடுதான். முன்னது இறப்புக்கு 2 லட்சம், பின்னது விபத்துக்கு 2 லட்சம். பின்னால் இருக்கும் கம்பெனி எது என்பது பேங்குக்குப் பேங்க் மாறும், அரசுக் கம்பெனியாகவும் இருக்கும், தனியாராகவும் இருக்கும். பேங்கில் கேட்டுப் பெயரை எழுதி வைத்து, வீட்டில் இருப்பவரிடம் சொல்லி வையுங்கள். ஒடிசா, பீகாரிலிருந்து வந்து இங்கே தங்கியிருக்கும் தம்பிகள் இதைக் கட்டாயம் செய்யணும். வாரிசுதாரர் ஊரில் இருப்பார், அவருக்குப் பாலிசி இருப்பதே தெரியாமல் போய்விடும்.

2024 ஏப்ரல் முதல் பாலிசிகளை மின்னணு வடிவிலும் தரவேண்டும் என்பது விதி. டிஜிலாக்கரிலோ, மின்-காப்பீட்டுக் கணக்கிலோ சேர்த்து வைத்தால் பீரோ தேட வேண்டியதில்லை. 30 நாளுக்குள் படித்துப் பார்த்து, சொன்னது ஒன்று இருப்பது வேறு என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

தகராறு வந்தால்? இங்கேதான் உள்நாடு, வெளிநாடு பேதமே இல்லை. முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார், மின்னஞ்சல் போதும். அதோடு ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் "பீமா பரோசா" தளத்தில் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், ஆன்லைனிலேயே மனு போடலாம், காணொளியில் விசாரணையும் நடக்கும். 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்புச் சொல்லலாம். மறுப்புக் கடிதம் வந்து ஓராண்டுக்குள் போகணும், அது மட்டும் தவறக் கூடாது.

சின்ன யூனிட் வைத்திருப்பவர்கள் பலருக்குத் தெரியாதது, குறுந்தொழில்களும் தனிஉரிமையாளர் நிறுவனங்களும் இந்தக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்பது. 2025 ஏப்ரல் முதல் குறுந்தொழில் என்றால் இரண்டரை கோடி வரை முதலீடு, 10 கோடி வரை விற்றுமுதல். மண்ணரையில் இருக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் பெரும்பாலானவை இதற்குள் வந்துவிடும். உத்யம் பதிவுச் சான்று கையில் இருந்தால் நிரூபிக்கச் சுலபம். அதை இன்னும் எடுக்காதவர்கள் ஆன்லைனில் இலவசமாகவே எடுக்கலாம்.

இன்னொரு கேள்வியும் வழக்கமாக வரும். "நான் ஏற்கெனவே ஒரு மருத்துவ பாலிசி வச்சிருக்கேன், பிடிக்கலை, வேற கம்பெனிக்கு மாறலாமா?" மாறலாம். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாளுக்கு முன்பே புதிய கம்பெனியிடம் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். பழைய நோய்க்காக நீங்கள் காத்திருந்த மாதங்கள் புதிய கம்பெனியிலும் கணக்கில் வரும், பழைய தொகை அளவுக்கு. புதிய கம்பெனி உங்களை ஏற்க மறுக்கவும் கூடும், அதனால் அங்கிருந்து எழுத்தில் ஒப்புதல் வரும்வரை பழைய பாலிசியை நிறுத்த வேண்டாம். புதிய படிவத்திலும் சுகர், பிரஷர், மூச்சிரைப்பு எல்லாவற்றையும் நீங்களே உங்கள் கையால் எழுதுங்கள். படிவத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் கையெழுத்துப் போடும் முன் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.